டேப்பட் வாயை அடைக்காதீங்க!

எண்ணெய்க் குளியலுக்குப் பேர் போன ஊர் குற்றாலம். உச்சந்தலை குளிர எண்ணெய் வைத்துக்கொள்ள ஆசையோடு வருகிறார் நம்ம ஆள். அவரைக் குடும்பத்தோடு சுமந்து வந்த பழைய அம்பாசிடரில் எண்ணெய் இருக்கிறதா, டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தீரா என்று கேளுங்கள். பேந்தப் பேந்த முழிப்பார். ஆனால், பானெட்டுக்குள் ‘டிக்... டிக்...’ என்று கேட்டுவிட்டால் மட்டும் தூக்கம் போய்விடும். நேராக தென்காசியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு விடுவார். ‘‘என்ன பண்ணுவியோ தெரியாதுப்பா, சத்தம் கேக்கக் கூடாது!’’

இந்த ஒரு வரிதான் இன்ஜினுக்கு எழுதப்படும் மரண சாசனம்.

இதற்கு இரண்டு விதமான பதில் வரும். ‘‘இன்ஜினை இறக்கணும் சார்’’ என்பது ஒன்று. அது உங்கள் பர்ஸைக் காலி பண்ணும், அவ்வளவுதான். ‘‘டேப்பட்தான் சார், டைட் வெச்சுத் தர்றேன்’’ என்பது இன்னொன்று. பத்து நிமிஷ வேலை, சொற்பக் கூலி, பூனை மாதிரி ஓடும் வண்டி. நான் பயப்படுவது இந்த இரண்டாவது ஆளுக்குத்தான்.

சூடேறினால் வால்வு நீளும். அதற்காகவே ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் அது 0.015 அங்குலம். மில்லிமீட்டரில் 0.38. அந்தச் சந்து இருக்கிற வரை மெலிசாக ஒரு டிக் டிக் இருக்கத்தான் செய்யும். சத்தமே வேண்டாம் என்று சந்தை அடைத்தால், வால்வு தன் இருக்கையில் முழுசாக உட்காராது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் அந்த இருக்கை வழியாகத்தான் இறக்கி வைக்கிறது. உட்கார இடமில்லாவிட்டால்? கருகும். ஐந்து பேர், மூட்டை முடிச்சு, செகண்ட் கியர் என்று புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் கார் திணறும்போது வேகமாகவே கருகும். அப்போதும் டேப்பட் சத்தம் இருக்காது. இழுவையும் இருக்காது.

முதலில் அது டேப்பட்தானா என்று பார்த்தார்களா? கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வு ஒரு முறை திறக்கும். அதனால், டேப்பட் சத்தம் இன்ஜின் வேகத்தில் பாதியாக, மேலே ராக்கர் கவர் பக்கம் கேட்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கேட்டு, சூடேறியதும் அடங்கினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் கசிவு இருக்கலாம். கீழேயிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று வந்து, ஒரு பிளக் வயரைக் கழற்றியதும் குறைந்தால் அது பேரிங் விவகாரம். வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை இன்ஜினில் அங்கங்கே தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

டேப்பட்தான் என்றால் கவரைக் கழற்றி, ஐடிலில் ஓடும்போதே ஒவ்வொரு சந்திலும் ஃபில்லர் கேஜ் தகட்டை நுழைக்கணும். எதில் சத்தம் நிற்கிறதோ, குற்றவாளி அதுதான். அட்ஜஸ்ட் பண்ணுவதற்கு ஒரு ஒன்பது கணக்கு உண்டு. முதல் வால்வைப் பார்க்க எட்டாவது முழுசாகத் திறந்திருக்கணும். மூன்றாவதுக்கு ஆறு. கூட்டினால் எப்போதும் ஒன்பது. (பி.காம். படித்த எனக்கே புரிகிறது!) ராக்கர் முனையில் தேய்ந்து குழி விழுந்திருந்தால் கேஜே பொய் சொல்லும். தகடு குழியின் மேல் பாலம் போலப் படுத்துக்கொள்ளும். அப்போது ராக்கரைத்தான் கவனிக்கணும், ஸ்க்ரூவை முறுக்கி பிரயோஜனமில்லை. ஹைட்ராலிக் டேப்பட் உள்ள பிற்காலத்து இன்ஜின்களில் முறுக்க ஸ்க்ரூவே கிடையாது. அங்கே ஆயில் அளவையும் அழுக்கையும்தான் முதலில் பார்க்கணும்.

சத்தத்தை அமுக்க கெட்டி ஆயிலை ஊற்றுகிற வைத்தியர்களும் இருக்கிறார்கள். காலைக் குளிரில் அந்த ஆயில் ராக்கர் வரை ஏறிச் சேரவே நேரமாகும்.

உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றுபோனது. ஒரு வால்வைக் கருக்கிவிட்டு ஸ்பேருக்கு அலைவது யார்? டைட் வைத்தவரா? அவர் பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போயிருப்பார்.

ஆகவே, பானெட்டைத் திறக்கும் முன்பே கேளுங்கள்: ‘‘ஃபில்லர் கேஜ் இருக்கா?’’ ‘‘அதெல்லாம் எதுக்கு சார், நமக்குக் கைப்பழக்கம்’’ என்றால் சாவியை வாங்கிக்கொண்டு அந்த டிக் டிக்கோடேயே கிளம்புங்கள். ஐந்தருவிக்கு ஆட்டோவில் போய்க்கொள்ளலாம்.