பிள்ளைகள் கையில் ஒரு கோழிக்கூடு

மாணவர்க்குரிய வேலை படிப்பது ஒன்றே, மற்றவையெல்லாம் பெரியவர்கள் பாடு என்னும் எண்ணம் நமது தோட்டத்துப் பெற்றோரிடையே அண்மைக் காலமாக வலுப்பெற்று வருகின்றது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே அகற்றப்பட்டுவிட்ட போதிலும், அது விட்டுச்சென்ற அச்சம் இன்னும் அகன்றபாடில்லை. பிள்ளை துடைப்பத்தைத் தொட்டால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று நம்புவோர் இன்றும் உளர். இவ்வெண்ணத்தோடு நாம் உடன்படுவதற்கில்லை. அதன் காரணத்தை, நமது குடியிருப்பின் பின்புறத்தில் உள்ள கோழிக்கூட்டை முன்னிட்டு இவ்வாண்டு எழுந்த பேச்சைக் கொண்டே விளக்க விழைகின்றோம்.

ஏழு பேடுகளும் ஒரு சேவலும் கொண்ட சிறிய கூடு அது. எல்லாம் நாட்டுக்கோழிகள். மார்ச்சுத் திங்களில் நமது வலக்கை மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை நிகழ்ந்தது. கைவிரல்களுக்குச் செல்லும் நடுநரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியே நுழைந்து செல்கின்றது. அதன்மேல் பட்டைபோற் கிடக்கும் நார் நரம்பை நெரிக்குமாயின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப் போகும்; இரவில் குத்தலெடுத்து உறக்கத்தைக் கெடுக்கும். மருத்துவர்கள் இதனைக் கார்ப்பல் டன்னல் என்பர். அந்நாரை வெட்டி நரம்புக்கு இடங்கொடுப்பதே சிகிச்சை. பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்கப்பட்டது. ஆயினும் கை பழைய வலுவை அடையப் பல வாரங்கள், சிலர்க்குப் பல திங்கள்கள் ஆகும்.

ஈண்டு தாய்மார்களுக்கு ஒரு சொல். பால்வெட்டுக் கத்தியை விடியுமுன் தொடங்கி இறுகப் பிடித்து உழைப்போர்க்கு இந்நோய் வர வாய்ப்பு மிகுதி. "வெறும் மரமரப்புத்தானே" என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்பவர்களை நாம் அறிவோம். நரம்பு நெடுநாள் நெரிபட்டால் பெருவிரலின் அடிச்சதை வற்றிவிடும். அதன்பின் சிகிச்சை செய்தாலும் முழுப்பயன் கிட்டுவது அரிது. சட்டைப் பொத்தானைப் போடுவது கடினமாகிவிட்டது என்றால் மருத்துவரைக் காணும் காலம் வந்துவிட்டது என்று கொள்க.

கோழிக்கூட்டிற்கு வருவோம். ஆறாத தையலோடு கூட்டிற்குள் கைவிடல் ஆகாது. கோழி எச்சத்திலும் இறகிலும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருத்தல் கூடும். பார்வைக்கு நலமாயிருக்கும் கோழியும் அவற்றைச் சுமந்து திரியும். அன்றியும், ஒற்றைக் கையால் தவிடு தூவலாம், தாழ்ப்பாள் திறக்கலாம். ஆனால் ஒரு கோழியைப் பிடித்துப் பாருங்கள்! நம் இல்லத்தரசியோ கோழி இறக்கை அடித்தால் பத்தடி விலகி நிற்பவர். ஆகவே விற்றுவிடுவதே வழி என்று நாம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட ஆறாம் ஆண்டு மாணவர் இருவரும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியும், "நாங்க பாத்துக்கிறோம் ஐயா" என்று முன்வந்தனர். பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் பெற்ற பின்னரே நாம் இசைந்தோம். காலையில் பள்ளி மணி அடிக்குமுன் இருபது நிமிடம், அவ்வளவே.

அந்த ஒன்பது வாரங்களில் அம்மூவரும் கற்றவற்றை எந்தப் பயிற்சி நூலும் கற்பித்திராது. கோழிக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டாக விட வேண்டும். ஒருவர் கோழியை அணைத்துப் பிடிக்க, மற்றவர் ஒரே துளி விட வேண்டும். அம்மருந்து குளிர்ச்சி நீங்கினால் பயனற்றுப் போகும். கூட்டம் கூட்டமாகக் கோழிகளை வாரிக்கொண்டு போகும் அந்நோயைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருந்த பிள்ளைகள், அதனைத் தடுக்கும் வழி தம் கையிலேயே இருப்பதைக் கண்டனர். அடைவைத்த ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையின் பின்னே விளக்கைப் பிடித்து, சிலந்தி வலைபோற் படர்ந்த குருதி நாளங்களைக் கண்டபோது எழுந்த ஆரவாரம் அடுத்த குடியிருப்பு வரை கேட்டது. இருபத்தொன்றாம் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்தவள் அம்மாணவி. சொன்ன நாளில் ஓடு விரிந்தது.

இவர்களுள் ஒருவன் கணிதத்தில் மிகவும் பின்தங்கியவன். அவனிடமே முட்டைக் கணக்கை ஒப்படைத்தோம். எந்தப் பேடு எந்தக் கூடையில் எந்நாளில் இட்டது என்று ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதி வந்தான். நான்காம் வாரத்தில் கணக்கு இறங்கியது. உடும்பு தின்றிருக்கும் என்றார் காவலாளி. பையன் ஏற்கவில்லை. "உடும்பா இருந்தா எல்லாக் கூடையிலயும் குறையணும் ஐயா, செவலைக் கோழி கூடையில மட்டும்தான் குறையுது" என்றான். இரு நாள் அக்கோழியைப் பின்தொடர்ந்து, வேலிக்கு அப்பால் லாலாங் புல்லுக்குள் ஒளித்து வைத்திருந்த ஒன்பது முட்டைகளைக் கண்டெடுத்தான். தரவைப் படித்துக் காரணத்தை ஊகிக்கும் இத்திறனைத்தான் நாம் வகுப்பறையில் பல ஆண்டுகளாக அவனுக்குப் புகட்ட முயன்று வந்தோம்.

எனினும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து, "பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது படிக்கவா, தலைமையாசிரியர் வீட்டுக் கோழியை மேய்க்கவா?" என்று வினவினார். கடுமையான வினாவே, ஆயினும் நியாயமான வினா. முற்காலத்தில் தோட்டப்பள்ளி ஆசிரியர் சிலர் மாணவர்களைத் தம் வீட்டிற்குத் தண்ணீர் சுமக்கவும் விறகு பிளக்கவும் ஏவிய கதைகளை நம் முதியோர் மறக்கவில்லை, மறக்க வேண்டியதுமில்லை. அதிகாரம் உள்ளவர் வீட்டில் பிள்ளை குனிந்து வேலை செய்வதைக் காணும் பெற்றோர் மனம் துணுக்குறுதல் இயல்பே.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பது நம் துணிபு. நமது முற்றத்தை அம்மூவரும் பெருக்கியதில்லை. ஒரு கோப்பையைக் கழுவியதில்லை. முட்டையில் பாதி அவர்கள் வீட்டிற்குச் சென்றது. விலக விரும்பினால் எந்நாளும் விலகலாம் என்பது முதல் நாளே சொல்லப்பட்டது. ஏவலுக்கும் பொறுப்புக்கும் உள்ள வேறுபாடு யாதெனில், ஏவலில் பிள்ளை ஒருவரின் முகத்தைப் பார்க்கின்றது. பொறுப்பில் பசித்து நிற்கும் ஓர் உயிரின் முகத்தைப் பார்க்கின்றது. மழை பெய்தாலும் அன்று தண்ணீர் வைத்தாக வேண்டும் என்று பத்து வயதுச் சிறுமி தானே உணர்ந்து குடையோடு வருவாளாயின், அதனைப் படிப்பிற்குப் பகையென்று எவ்வாறு கூறுவது? மேலும், கற்பிப்பவரின் கை முடங்கியிருந்த நாளில் தம்மால் உதவ முடிந்தது என்னும் நிறைவு அப்பிள்ளைகள் முகத்தில் தெரிந்தது. என்றும் பெற்றுக்கொள்ளும் இடத்திலேயே நிறுத்தப்படும் பிள்ளை, கொடுக்கும் இன்பத்தை எப்போது அறியும்?

தூய்மை பற்றிய கவலையை மட்டும் நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். கூட்டிற்கெனத் தனிச் செருப்பு, வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல், குஞ்சை முகத்தோடு அணைக்காதிருத்தல், ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கையரை உள்ளே விடாதிருத்தல் ஆகிய விதிகளில் தளர்வு இல்லை. கூட்டின் எச்சத்தை வாரும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல் கூலிக்கு ஆள் அமர்த்திச் செய்வித்தோம்.

பொருளாதாரக் காரணமும் ஒன்றுண்டு. 2022ஆம் ஆண்டில் கோழி விலை ஏறி, ஜூன் முதல் நாள் தொடங்கிக் கோழி ஏற்றுமதிக்கு நமது அரசாங்கம் தடை விதித்ததைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். பண்ணைக் கோழிக்கு வேண்டிய மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் கடல்கடந்து வருவதால், எங்கோ நிகழும் போர் நம் அடுப்படியில் வந்து நிற்கின்றது. நாலைந்து கோழிகள் ஒரு குடும்பத்தின் செலவைத் தீர்த்துவிடும் என்று நாம் கூறவில்லை. தேங்காய்த் துருவலும் சோற்று மிச்சமும் முட்டையாகத் திரும்பி வருவதைப் பிள்ளை கண்ணால் காணட்டும் என்கின்றோம். வரிசை வீடுகள் நிறைந்த தாமான்களில் இதற்கு மன்றத்தின் அனுமதி கிடைப்பது கடினம். லயத்தின் பின்புறம் நிலம் உள்ள நமக்கு அத்தடை இல்லை.

நமது கையோ இப்பொழுது ஏறத்தாழத் தேறிவிட்டது. கரும்பலகையில் எழுத முடிகின்றது. வேலையைத் திரும்ப ஏற்பதாகச் சொன்னபோது, மூவரும் மறுத்துவிட்டனர். ஆகவே அடுத்த தவணை முதல் கூடு நமது குடியிருப்பிலிருந்து பள்ளித் தோட்டத்தின் ஓரத்திற்கு மாற்றப்படும். முட்டைக் கணக்குப் புத்தகம் அலுவலகத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கும். வினவிய தந்தையாரையே அக்கணக்கைத் திங்கள்தோறும் சரிபார்க்குமாறு வேண்டியுள்ளோம், அவரும் இசைந்துள்ளார். இரண்டு பேடுகள் மீண்டும் அடையில் அமர்ந்துள்ளன. குஞ்சு வேண்டும் பெற்றோர், இரவில் மூடி வைக்கப் பஞ்சாரமோ கூண்டோ ஆயத்தம் செய்துகொண்டு, ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியையிடம் பெயர் கொடுக்கலாம்.