மல்லாட்டை



போன மாதம் செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போனேன். ராஜகிரி ஏறி இறங்கிய கால் வலியோடு, பக்கத்துக் கிராமத்தில் தோழி வீட்டில் தங்கினேன். அவர் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே பேர், ஈராசிரியர் பள்ளி. மறுநாள் காலை அவருடைய வகுப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

படம் பார்த்துச் சொல் சொல்லும் பாடம். நிலக்கடலைப் படத்தைக் காட்டியதும் ஒரு சிறுமி, "மல்லாட்டை!" என்றாள். மணிலாக்கொட்டை மருவி மல்லாட்டை ஆன ஊர் அது. டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை. பலகையில் "மல்லாட்டை" என்றே எழுதினார். ல-வுக்கு எங்கே புள்ளி, எங்கே கால், இணைக்கொம்பு எந்த எழுத்துக்கு என்று பிள்ளைகளையே சொல்ல வைத்தார். அதன் கீழே "நிலக்கடலை" என்று எழுதி, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். அதுவரை வாயே திறக்காத ஒரு பையன், "எங்க வூட்டு வாசல்ல மல்லாட்டை காயுது டீச்சர்" என்றான். அவனையே பலகைக்கு அழைத்து எழுதச் சொன்னார். கோணல்மாணலாக, ஆனால் ஓர் எழுத்தும் விடாமல் எழுதினான்.

பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவது நமக்குப் புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் பலகையை இறக்கி வைத்தது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், எந்த வகுப்பு என்பதைவிட எவ்வளவு தெரியும் என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். ஒரே அறையில் மூன்று குழுவையும் ஒருவரே சமாளிப்பது எவ்வளவு பாடு என்று அன்று நேரில் பார்த்தேன். இத்தனைக்கும் நடுவே பதிவேடு எழுதுவது, பள்ளித் தகவல்களை எமிஸ் இணையதளத்தில் ஏற்றுவது வேறு. அந்தச் சுமையைக் குறைத்தாலே பாதி நல்லது நடந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பிள்ளை இருக்கும் இடத்துக்கே பாடம் தேடிப் போனதும் உண்டு. கொரோனாவில் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்தன. 2021 அக்டோபர் 27 அன்று இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில்தான், விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, ஊர்ப் பெண்கள் சாயங்காலம் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரன் குழுவினர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டதாம். அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. அந்த அக்காக்களுக்கு நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

கிளம்பும்போது தோழி ஒன்று கேட்டார். வகுப்புச் சுவரில் நிலக்கடலைப் படத்தைச் சுற்றி, தமிழ் பேசும் ஒவ்வோர் ஊரிலும் அதற்கு வழங்கும் பெயரை ஒட்ட வேண்டுமாம். வேர்க்கடலை, கச்சான் இரண்டும் என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்? ஓர் அஞ்சலட்டையில், பெரிய எழுத்தில், பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி எழுதி நம் இதழ் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த மாதம் செஞ்சிக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்