டோர்ச் லைட்டும் புல்மோட்டை மணலும்

பாடசாலைப் புத்தகத்தில் அதற்கு மின்சூள் என்று பெயர். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் பிறந்த எங்களுக்கு அது டோர்ச் லைட். விடியுமுன் கடலுக்குப் போகிறவரின் கையில் இருக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, எல்லார் வீட்டிலும் இருந்தது.

கனடாவிலிருந்து வந்த என் மருமகன், சட்டைப் பையிலிருந்து விரல் நீளமான ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். எஃப்.டபிள்யூ.3ஏ என்று பெயராம். எந்த நிறுவனத்தின் வடிவமைப்பாளரும் இதைத் தாமாக வரையவில்லை. பல நாடுகளிலுள்ள டோர்ச் பிரியர்கள் கூடிப் பேசி, பருமன் எவ்வளவு, பொத்தான் எங்கே, அதை அழுத்தினால் ஒளி எப்படிக் கூடிக் குறைய வேண்டும் என்று தாங்களே முடிவு செய்தார்கள். சீனாவின் லூமின்டாப் நிறுவனம் செய்து கொடுத்தது. 2019இல் வெளிவந்தது. அதனுள் இயங்கும் ‘அண்டுரில்’ என்ற மென்பொருளை எவரும் படிக்கலாம், திருத்தலாம்.

காத்திருந்த காலத்தில் அவர்களுக்கு ஒரே வேடிக்கையாம். “மாமா, அடுத்தது தங்கத்திலயோ, விண்கல்லிலயோ, யுரேனியத்திலயோ எண்டு கேட்டுச் சிரிச்சவங்கள்” என்றான். பின்னர் செம்பிலும் டைட்டேனியத்திலும் உண்மையாகவே வந்தது.

டைட்டேனியம் என்றதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. புல்மோட்டை நினைவுக்கு வந்தது.

நகரிலிருந்து கரையோரமாக வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல் சென்றால், கடற்கரை கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்புதான் இல்மனைட். கூடவே ரூட்டைல். இரண்டும் டைட்டேனியத்தின் தாதுக்கள். மொனசைட்டும் அங்குண்டு. அதில் தோரியம் இருக்கிறது. நம் தந்தையர் காலத்துப் பெற்றோமாக்ஸின் மென்டிலை வெண்மையாக ஒளிரச் செய்தது தோரியம் ஒட்சைட்டுத்தான். அவர்கள் நகைச்சுவையாகச் சொன்ன அபூர்வப் பொருட்களின் உறவினர் நம் காலடியிலேயே கிடக்கிறார்கள்.

இந்த மணலுக்கென்று 1957இல் அரச கூட்டுத்தாபனம் அமைந்தது. 1997 செப்டெம்பரில், இதை ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியலிட்டி’ என்ற கப்பல் விடுதலைப் புலிகளின் தாக்குதலுக்குள்ளாகி உயிர்கள் பலியாகின. இன்றும் மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. உலகில் எடுக்கப்படும் இல்மனைட்டில் பெரும் பங்கு வெள்ளைப் பெயின்ற்றுக்கான நிறமியாகிறது. சிறு பங்கே உலோகமாகிறது.

அந்த உலோகத்தைப் பிரிப்பது எளிதல்ல; குளோரீனும் மக்னீசியமும் மிகுந்த மின்சாரமும் வேண்டும் என்பார்கள். உண்மைதான். டோர்ச்சுக்கு டைட்டேனியம் நல்ல உலோகமுமல்ல. உப்பில் கறள் பிடிக்காது, பாரமில்லை, ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட மிகவும் மோசம். விளக்கின் சூடு வெளியேறாவிட்டால் ஒளியைக் குறைத்தாக வேண்டும். மலிவான அலுமினியமே வேலைக்காரன். இது அந்தப் பிரியர்களுக்கும் தெரியும். அதனால்தான் சிரித்தார்கள்.

ஆகவே நான் பொறாமைப்படுவது அவர்களது உலோகத்தைக் கண்டல்ல. பயன்படுத்துகிறவனே வடிவத்தைத் தீர்மானித்தான், அதைக் கண்டுதான்.

1990களில் அரச கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்குப் பற்றரி கொண்டுசெல்லத் தடை இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலில் சிறு திரியிட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துப் பிள்ளைகள் படித்தார்கள். அந்த விளக்கை வடிவமைத்தது எந்தப் பொறியியலாளரும் அல்ல, தேவைதான் வடிவமைத்தது. அந்த அறிவு போருடன் முடிந்துபோய்விட்டதா?

கொட்டியாரக்குடாவில் தொழில் செய்யும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். தண்ணீரில் விழுந்தால் மிதக்க வேண்டும், ஈர விரலுக்குப் பொத்தான் தட்டுப்பட வேண்டும், மூதூர்க் கடையில் கிடைக்கும் பற்றரியில் எரிய வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போவார். ஆனால் எவரும் கேட்பதில்லை. ஒவ்வோர் அனர்த்தத்தின் பின்னும் யாரோ எங்கோ தீர்மானித்த விளக்குகள் பெட்டி பெட்டியாக வந்திறங்குகின்றன. எனக்குக் கிடைத்த ஒன்று, ஒரு மாதத்தில் கண்ணை மூடிவிட்டது.

திருகோணமலையில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, மீனவர் சங்கங்கள் இருக்கின்றன. இரு பகுதியினரும் ஒரு பாயில் அமர்ந்து ஒரு டோர்ச்சை வரைந்தால் என்ன? மென்பொருள் இலவசம், அலுமினியம் மலிவு. தொடங்குவதற்குப் பெருமுதல் தேவையில்லை.

மருமகன் புறப்படும்போது அந்தச் சிறு விளக்கை என்னிடமே தந்துவிட்டுப் போனான். நல்ல வெளிச்சம். ஆனாலும் அது நான் கேட்ட விளக்கல்ல. அவர்கள் கேட்ட விளக்கு.