மகுடமும் மணச்சான்றும்

அழகுராணிப் போட்டிகளைக் கண்டித்தெழுதுவது இன்று காலங்கடந்த வேலையாகக் கருதப்படுகின்றது. கண்டிப்போரின் வாயை அடைப்பதற்கு விடையொன்று ஆயத்தமாகவே இருக்கின்றது. இப்போட்டிகள் இப்போது உடலை அளப்பதில்லை, உள்ளத்தையே அளக்கின்றன, மகுடஞ் சூடியவள் வெறும் அழகியல்லள், சமூக சேவகி, நல்ல மனைவி, நல்ல தாய், வீட்டையும் நாட்டையும் ஒருசேரப் பேணுபவள் என்பதே அவ்விடை. நியாயம் போலத் தோன்றும் இவ்விடைக்குள்ளேதான் குற்றம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. இடையை நாடாவால் அளந்தவனிடத்தில் ஒரு வகை நேர்மையேனும் இருந்தது. அவன் தான் அளப்பது எதனை என்பதை மறைக்கவில்லை. கருணையையும் கற்பையும் தாய்மையையும் அளக்கப் புகுந்தவன் அந்நாடாவைக் கீழே வைக்கவில்லை. அதனை மேலும் நீட்டிப் பெண்ணின் வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே கொண்டு சென்றிருக்கிறான்.

சேவை என்னும் சொல் இம்மேடைக்கு வந்த வரலாறு கவனித்தற்குரியது. 1951 இல் எரிக் மோர்லி இலண்டனில் 'உலக அழகி'ப் போட்டியைத் தொடங்கியபோது சேவை பற்றிய பேச்சே எழவில்லை. 1970 இல் இலண்டன் அல்பேர்ட் மண்டபத்திலே பெண்விடுதலை இயக்கத்தினர் மாப்பொட்டலங்களை வீசி அப்போட்டியைக் குழப்பினர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1972 இல், மோர்லியின் மனைவி யூலியா மோர்லி 'நோக்கமுள்ள அழகு' என்ற முழக்கத்தையும் அதன் பெயரால் அறப்பணித் திட்டத்தையும் தொடக்கினார். முதலில் கண்டனம், பின்னர் அறப்பணி என்ற இவ்வரிசையை எவரும் காணலாம். அதன் பின்னர் எந்நாட்டில் எவ்வழகி முடிசூடினும் அவள் அநாதை இல்லத்திற்கும் முதியோர் இல்லத்திற்கும் செல்வது சடங்காயிற்று. நூல்களும் பைகளும் வழங்கப்படும். படப்பிடிப்பாளன் முன்னே செல்வான்.

ஏழைப்பிள்ளைக்குப் புத்தகப்பை கிடைத்தால் எவருக்கு என்ன நட்டம் என்று கேட்பர். பிள்ளைக்கு நட்டமில்லை; பை கிடைத்தது நன்றே. அவ்வாறு வழங்கும் பெண்களுள் மனமார உழைப்போரும் பலர் உளர். வினா அதுவன்று. சேவை மதிப்பெண்ணாக மாறும்போது சேவை பெறுபவர் எதுவாக மாறுகின்றார் என்பதே வினா. அவர் மேடைச் சோடனையாக மாறுகின்றார்.

மணமான பெண்களுக்கென்று வகுக்கப்பட்ட 'திருமதி உலகம்' போட்டியில் இந்த அளவுகோல் முழு வடிவம் பெற்றது. அப்போட்டி தொடங்கிய 1984 ஆம் ஆண்டிலேயே அதன் மகுடத்தை இலங்கையரான ரோசி சேனாநாயக்க சூடினார். அவர் பின்னர் உயர்ஸ்தானிகராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் இராஜாங்க அமைச்சராகவும் பணியாற்றி, 2018 இல் கொழும்பு மாநகரின் முதற் பெண் மேயரானார். அவருடைய அரசியலோடு உடன்படாதோரும் அவர் பொதுவாழ்வில் உழைத்தவர் என்பதை மறுக்கமாட்டார். ஆயினும் நடந்தது என்ன? 2012 இல் எதிர்க்கட்சி உறுப்பினராகச் சபையில் அவர் வினா எழுப்பியபோது, போக்குவரத்துப் பொறுப்பிலிருந்த அமைச்சர் வினாவுக்கு விடையளிக்காது அவருடைய அழகைப் பற்றியும் அதனால் தமக்கு ஏற்படும் உணர்ச்சிகளைப் பற்றியும் பேசலானார். தாம் அங்கு நிற்பது மக்கள் பிரதிநிதியாகவேயன்றி முன்னாள் அழகுராணியாக அன்று என அவர் உறைக்கச் சொல்லவேண்டியதாயிற்று. கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட பொதுப்பணியாலும் கழற்ற முடியாத மகுடம் அது. சேவை அழகை உயர்த்திவிடும் என்போர் இந்நிகழ்ச்சிக்கு என்ன விளக்கம் தருவரோ?

குடும்ப வாழ்வு என்ற மற்றைய அளவுகோலின் உண்மைத் தோற்றம் 2021 ஏப்ரல் 4 ஆந் திகதி கொழும்புத் தாமரைத் தடாக அரங்கிலே வெளிப்பட்டது. அன்று 'திருமதி ஸ்ரீலங்கா'வாக அறிவிக்கப்பட்டு முடிசூட்டப்பட்ட புஷ்பிகா டி சில்வாவின் தலையிலிருந்த மகுடத்தை, அப்போதைய 'திருமதி உலக'மாகிய கரோலின் ஜூரி மேடையில் வைத்தே கழற்றி, இரண்டாம் இடம் பெற்றவருக்குச் சூட்டினார். விவாகரத்துப் பெற்றவர் இம்மகுடத்துக்கு உரியவரல்லர் என்பதே சொல்லப்பட்ட காரணம். உலகெங்கும் அக்காட்சி பார்க்கப்பட்டது. ஜூரி சில நாள்களில் கைதாகிப் பிணையில் விடப்பட்டார். இரு பெண்கள் சண்டையிட்டனர் எனப் பத்திரிகைகள் சுவைத்து எழுதின. மகுடம் கழற்றிய கை எவருடையது என்பது பெரிய செய்தியாயிற்று. அக்கைக்கு அதிகாரமளித்த விதி எவருடையது என்பது செய்தியாகவில்லை.

அதற்கு மேலும் வருந்தத்தக்கது மகுடம் திருப்பிக் கொடுக்கப்பட்ட முறை. புஷ்பிகா கணவரைப் பிரிந்து வாழ்பவரேயன்றிச் சட்டப்படி விவாகரத்துப் பெற்றவரல்லர் என்று தெரிந்ததனால் அமைப்பாளர்கள் அதனை மீண்டும் அவரிடம் ஒப்படைத்தனர். அதாவது, விதி வென்றது. உண்மை விவரந்தான் திருத்தப்பட்டது. தம் பிள்ளைகளைத் தனித்து வளர்க்கும் தாய்மாருக்கு இம்மகுடத்தை அர்ப்பணிப்பதாக அவர் கூறியது மனத்தைத் தொடும் கூற்றே. ஆயினும் அத்தாய்மாருள் நீதிமன்றம் சென்று விவாகரத்துப் பெற்ற ஒருத்தி அம்மேடையில் ஏறவே முடியாது என்பதை அவ்வர்ப்பணிப்பு மாற்றவில்லை.

இவ்விதியை நியாயப்படுத்துவோர் உடனே பண்பாட்டைத் துணைக்கு அழைப்பர். நம் மண்ணின் மரபு, மலைநாட்டுச் சிங்களவரின் பழம்பெருங் குடும்ப நெறி என்பர். போட்டி மேடைகளில் தேசிய உடையாகக் கண்டியச் சேலைக்கட்டாகிய ஒசரி மிடுக்குடன் உலாவருவதைக் கண்டவர்க்கு அது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் கண்டியின் உடையை மேடைக்கு எடுத்துச் சென்றவர்கள் கண்டியின் சட்டத்தை மகாவலிக்கு இப்பாலேயே விட்டுச் சென்றுவிட்டனர்.

கண்டி இராச்சியத்திலே 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில், இங்கு ஆணும் பெண்ணும் மனம் ஒவ்வாதவிடத்துப் பிரிந்து வேறு மணம் செய்துகொள்வதை வியப்போடு பதிவு செய்தார். தூய்மைவாதச் சூழலில் வளர்ந்த அவருக்கு அஃது ஒழுக்கக்கேடாகத் தோன்றியது இயல்பே. பெண் தன் பெற்றார் வீட்டிலேயே இருக்க, கணவன் அங்கு வந்து வாழும் பின்ன விவாகமும் அச்சமூகத்தில் முறையான மணமாகவே இருந்தது. பிரிந்தவள் இழிந்தவள் என்ற எண்ணத்தை இம்மலைகளுக்குக் கொண்டுவந்தது விக்டோரியாக் காலத்து ஆட்சியே. 1859 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பதிவு செய்யப்படாத மணங்களைச் செல்லாதனவாக்கி, பிரிவதையும் கடினமாக்கிற்று. மக்கள் அதனைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. ஆட்சியினரே இறங்கிவந்து 1870 இல் இருவரும் இணங்கின் பிரியலாம் என்பதை ஏற்கவேண்டியதாயிற்று. 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமும் பரஸ்பர இணக்கத்தை விவாகரத்துக்குப் போதிய காரணமாக ஏற்றது. பதிவாளர் முன்னிலையிலேயே அதனை முடிக்கலாம். (அச்சட்டத்திலும் மனைவியின் பிறழ்வுக்கு ஒரு நீதி, கணவனின் பிறழ்வுக்கு வேறு நீதி என்னும் கறை உண்டு. கண்டியை இலட்சிய பூமியாக்க எவரும் முயலவேண்டியதில்லை.) எனவே மரபின் பெயரால் மகுடத்தைக் கழற்றுபவர் உண்மையில் காப்பது கண்டியின் மரபையன்று, இலண்டனின் பழைய நாணத்தையே.

அதே மலைச்சரிவில் அடுத்த வேலிக்கு அப்பால் வாழும் தமிழ்ப் பெண்ணின் நிலை வேறு. கண்டியச் சட்டம் அவளுக்கில்லை. 1907 ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுச் சட்டத்தின்படி அவள் மாவட்ட நீதிமன்றம் சென்று கணவனின் குற்றத்தை நிரூபித்தாகவேண்டும். ஒருநாட் பேரை இழந்து, பேருந்துக் கட்டணம் கொடுத்து, அவளுக்கு விளங்காத மொழியில் நடக்கும் வழக்குக்குக் கலகாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ எத்தனை முறை அவள் கண்டிக்கு இறங்கிவருவாள்? பிரிந்து வாழ்வாள்; சான்றிதழின்றியே பிள்ளைகளை வளர்ப்பாள். குடும்பத்தைச் சான்றுகாட்டி நிரூபி என்ற கட்டளை அவளுடைய மக்களுக்குப் புதியதன்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் மணமானோருக்கு 7 ஆண்டு வதிவையும் மணமாகாதோருக்கு 10 ஆண்டு வதிவையும் கேட்டது. விண்ணப்பித்தவன் தன் மனைவி இடையறாது இத்தீவிலே வாழ்ந்தாள் என்றும் காட்டவேண்டியிருந்தது. மணச்சான்றை ஒரு மனிதப் பிறவியின் தகுதிச் சான்றாக்கினால் விளைவது என்ன என்பதை மலையகம் அன்றே கண்டுவிட்டது.

ரோசி சேனாநாயக்க முடிசூடிய அதே 1984 ஆம் ஆண்டிலேதான், தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை அடுத்து, தோட்டப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. அதுவரை நூறாண்டுக்கு மேலாக, கொழுந்தின் பெரும்பகுதியைப் பறித்த கைகளுக்கு ஆண்களிலும் குறைந்த கூலியே வழங்கப்பட்டு வந்தது. இவ்விரு செய்திகளுள் எது நாட்டின் நினைவில் நின்றது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, மலையேறுபவளின் அன்றாடக் குடும்ப வாழ்வையும், அப்பிள்ளைகளை நாள்முழுதும் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் சேவையையும் எந்த நடுவரும் புள்ளியிடுவதில்லை. புள்ளியிடவும் வேண்டாம். அவர்கள் கேட்பது மகுடமன்று. சம்பளமும் காணியும் வீடும்.

சேவையும் குடும்பமும் ஒன்றாயிருந்த பெண்களைக் கண்டியிலே தேடுவோர் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பறங்கியர் குடும்பத்திற் பிறந்து, கண்டியின் சிங்கள அரசியல்வாதியான ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்த அக்னெஸ் டி சில்வா, 1927 இல் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளராக டொனமூர் ஆணைக்குழுவின் முன் தோன்றினார். தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமோ என்று அங்கு வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே, ஆதலால் வேண்டும் என்ற கருத்தில் அவர் தயங்காது விடையளித்தார். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத்துப் பெண்ணுக்குப் பல நிபந்தனைகளோடு வந்த அவ்வுரிமை 1949 இல் பறிக்கப்பட்டமை வேறு கதை. ஆயினும் அந்த விடை அளிக்கப்பட்டபோது படப்பிடிப்பாளன் எவனும் அங்கிருக்கவில்லை.

அவர் மகள் மினெற் டி சில்வா 1918 இல் கண்டியிற் பிறந்தவர். 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். அவர் மணஞ் செய்துகொள்ளவில்லை. 'திருமதி' என்ற வாயிலில் அவர் நின்றிருப்பின் விண்ணப்பப் படிவமே கிடைத்திராது. 1950 களின் பிற்பகுதியில் கண்டி வட்டப்புளுவையிலே அரச ஊழியர்க்கென 200 இற்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட திட்டத்தை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பல இனத்தவரும் பல மதத்தவருமாக அங்கு குடியேறவிருந்தோரிடம் வினாக்கொத்துகளை அனுப்பினார். அவர்களைச் சந்தித்தும் பேசினார். வீட்டில் எத்தனை பேர், எவ்வாறு வாழ்கின்றனர், எதனை விரும்புகின்றனர் என்று கேட்டறிந்த பின்னரே வரைபடத் தாளை விரித்தார்.