முதலில் தாளில் சுற்றுவோம்!

ஒரே வேலையை நாற்பது முறை செய்யச் சொன்னால் நாம் சலித்துப் போவோம், கணினியோ சலிப்பதில்லை. 1995ஆம் ஆண்டில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதற்கென அமைந்ததே ‘ஃபார்’ மடக்கு. எங்கே தொடங்குவது, எதுவரை செல்வது, ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு கூட்டுவது என்னும் மூன்றையும் ஒரே வரியில் நாம் சொல்லிவிட வேண்டும்.

கணினி வகுப்பில் எங்கள் வகுப்பு மாணவியர் நாற்பது பேரின் மதிப்பெண்களைக் கூட்ட முனைந்தோம். பட்டியலில் எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதால் கடைசி இடம் 39. நாங்களோ ‘40ஐ விடக் குறைவு’ என்பதற்குப் பதிலாக ‘40ஐ விடக் குறைவு அல்லது சமம்’ என்று எழுதிவிட்டோம். இல்லாத மாணவியின் மதிப்பெண்ணையும் சேர்த்துக் கூட்டப் போன கணினி, ‘இது எண் அன்று’ என்று பொருள்படும் விடையைத் தந்தது! குற்றம் கணினியுடையதா? இல்லை, பொருள் உணராமல் மனப்பாடம் செய்த எங்களுடையதே.

ஆகவே, கணினியைத் தொடுமுன் ஒவ்வொரு சுற்றையும் தாளில் எழுதிப் பார்ப்பதே சிறந்தது என்பது எங்கள் கருத்து. இதனால் வீட்டில் கணினி இல்லாத தோழியரும் பின்தங்க வேண்டியதில்லை. 1843இல் அடா லவ்லேஸ் அம்மையார், கட்டி முடிக்கப்படாத ஓர் இயந்திரத்துக்காக, மீண்டும் மீண்டும் நிகழும் கணக்குப் படிகளைத் தாளில்தானே வகுத்தார்?

தோழியரே, பென்சிலை எடுப்போம்! முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் சரிபார்த்த பின்னரே கணினியிடம் செல்வோம்!