கலைஞன் கூலி கேட்டால் குற்றமா?

ஜாஸ் இசையில் புகழ்பெற்ற 'மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்' என்னும் நால்வர் குழு 1974-இல் கலைந்தது. விலகியவர், உலோகப் பட்டைகளைத் தட்டி இசைக்கும் வைப்ரஃபோன் கலைஞர் மில்ட் ஜாக்சன். பணத்துக்காகப் பிரிந்தார் என்று அவரைக் குறை கூறுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று.

1952 முதல் 22 ஆண்டுகள் அவர் அக்குழுவில் வாசித்தார். பியானோ ஜான் லூயிஸ். பாஸ் பெர்சி ஹீத். 1955 முதல் டிரம்ஸ் கானி கே. மதுக்கூடத்து இசை என்று ஒதுக்கப்பட்ட ஜாஸை, கோட்டும் டையும் அணிந்து கச்சேரி மண்டபத்துக்குக் கொண்டு சென்ற இந்நால்வரும் அமெரிக்கக் கறுப்பினத்தவர். அதற்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? நேற்று வந்த ராக் குழுக்கள் செல்வத்தில் புரண்ட காலத்தில், ஐம்பது வயது கடந்த ஒரு மேதை வருவாய் போதவில்லை என்றால், வெட்கப்பட வேண்டியவர் அவரா, கைதட்டியதோடு கடன் தீர்ந்ததென்று எழுந்து போன ரசிகரா? கலைஞனுக்கும் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா!

கணக்குப் பேசியதால் நட்பும் முறிந்துவிடவில்லை. 1981-இல் நால்வரும் மீண்டும் கூடினர். நரைத்த தலைகள், கைகளில் மட்டும் முதுமை இல்லை. 1994-இல் கானி கே மறைந்தார். அவரது இடத்தில் டிரம்ஸ் வாசிக்க அமர்ந்தவர், பெர்சியின் தம்பி ஆல்பர்ட் ஹீத்.