பெண் பிள்ளை விமானம் செய்தால் என்ன?

கோடை விடுமுறை வந்தால் பையனுக்கு ஏரோ மாடலிங், பெண்ணுக்கு மெஹந்தி வகுப்பு என்று பிரித்துப் பார்க்கும் பெற்றோர் இன்னமும் இருக்கிறார்கள். எட்டாவது படிக்கும் என் மகள், பால்சா மரத்தில் ரிமோட் விமானம் செய்யப்போவதாகச் சொன்னதும், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு பிளேடும் பசையும்?" என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். பத்து வயதில் அரிவாள்மனையைக் கொடுக்கும்போது மட்டும் யாருக்கும் கை பதறவில்லையே!

பால்சா ஈக்வடாரிலிருந்து வரும் மரம். எடை தேக்கில் ஏறக்குறைய கால் பங்குதான். மெல்லிய பலகையை வரைபடத்தின்மேல் வைத்து நறுக்கி, இறக்கைக்கு விலா எலும்பு மாதிரி வரிசையாக நிறுத்தி ஒட்டணும். புள்ளிக் கோலம் போடுகிற கைக்கு இது வராதா என்ன?

செய்து முடித்ததும், இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு தள்ளி, இரு பக்கமும் விரல் வைத்துத் தூக்கிப் பார்த்தோம். வால் தொங்கியது. அப்படியே விட்டால் விமானம் கட்டுக்கு அடங்காதாம். பேட்டரியை மூக்குப் பக்கம் நகர்த்திச் சரிசெய்தாள். ஈர்ப்பு மையம் என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்தது அப்போதுதான் புரிந்ததாம்.

என்.சி.சி. விமானப் பிரிவில் மாணவிகளும் மாதிரி விமானம் செய்கிறார்கள். வீட்டில்தான் தடை. சிலர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்பாவே எல்லாம் ஒட்டிவிடுகிறார். அதற்குக் கடைப் பொம்மையே போதும்.

பயப்பட வேண்டியது பேட்டரிக்குத்தான். லித்தியம் பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக்கூடாது. உப்பிப்போனதைத் திரும்பப் பயன்படுத்தவும் கூடாது, தீப்பிடித்துவிடும். இதை மகனுக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.